எடைச் சீட்டு சொல்லாத கணக்கு



என் பாட்டனார் மாட்டுவண்டி வைத்திருந்தார். பெரம்பலூருக்கு மல்லியும் பருத்தியும் ஏற்றிச் செல்லும் அந்த வண்டியில் மூட்டைகளை அடுக்கி முடித்ததும் அவர் செய்யும் முதல் வேலை, நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பது. தூக்க இயலாமல் கனத்தால் ‘முன்பாரம்’ என்பார். அது மாடுகளின் கழுத்தை அழுத்தும். நுகம் தானே மேலெழும்பினால் ‘பின்பாரம்’. பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். ஓரிரு மூட்டைகளை முன்னும் பின்னும் நகர்த்தி, நுகம் கையில் இலேசாக அமரும்வரை அவர் மாட்டைப் பூட்டமாட்டார். எத்தனை மூட்டை என்று கேட்பதற்கு முன்னரே, அவை எங்கே இருக்கின்றன என்று பார்க்கிற மனிதர் அவர்.

இதை நான் மறந்தே போயிருந்தேன். நினைவூட்டியவர் என்னிடம் குர்ஆன் ஓதிய பழைய மாணவர் ஒருவர். இப்பொழுது அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரி ஓட்டுகிறார். ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் மதரஸாவுக்கு வந்து, தயங்கித் தயங்கிக் கேட்டார்:

“ஹஜ்ரத், வண்டி கையில் நிற்க மறுக்கிறது. வளைவில் திரும்பும்போது ஸ்டீயரிங் வெறுமனே சுற்றுவதுபோல் இருக்கிறது. முதலாளியிடம் சொன்னால், ‘எடைச் சீட்டைப் பார், கூடுதல் பாரம் இல்லையே, உனக்கென்ன?’ என்கிறார். இப்படி ஓட்டிச் சம்பாதிக்கும் கூலி எனக்கு ஹலாலா?”

எடை சட்டப்படி இருக்கிறது என்றதும், நானும் அந்த முதலாளியைப் போலத்தான் பதில் சொன்னேன். “கூலி ஹலால்தான். ஸபூர் செய்யுங்கள், மெதுவாக ஓட்டுங்கள்” என்று அனுப்பிவிட்டேன். கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. அவர் வண்டியைப் பற்றிச் சொன்ன வார்த்தைகளை நான் காதில் வாங்கவே இல்லை.

பத்து நாட்களில் அந்த லாரி ஒரு வளைவில் திரும்பாமல் நேராகப் போய்ச் சாலையோரப் பள்ளத்தில் இறங்கி நின்றது. சற்று முன்தான் சைக்கிளில் மூன்று மாணவிகள் அவ்விடத்தைக் கடந்து சென்றிருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், எவருக்கும் காயமில்லை. செய்தி வந்த அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

மறுவாரம் நானே அவருடன் எடைமேடைக்குச் சென்றேன். வண்டியில் வழக்கமான லோடு. முழு வண்டியையும் ஏற்றி நிறுத்தியபோது 27.5 டன். பத்துச் சக்கர லாரிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 28 டன். ஆகவே சீட்டு சுத்தமாக இருந்தது. பிறகு, முன் சக்கரங்கள் இரண்டு மட்டும் மேடையில் நிற்குமாறு வண்டியை நிறுத்தச் சொன்னோம். மேடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்: 4.6 டன். காலி வண்டியாக நிறுத்தியபோது அதே முன் அச்சில் இருந்தது 4.5 டன். அதாவது, பதினாறரை டன் கல்லை ஏற்றியும் முன் சக்கரங்களுக்குக் கிடைத்தது வெறும் 100 கிலோ! மீதி அத்தனையும் பின்னால் இருக்கும் இரட்டை அச்சின்மேல், அங்கே 22.9 டன்.

2018ஆம் ஆண்டு ஜூலை மாதம் மத்திய அரசு அச்சு எடை வரம்புகளை உயர்த்தியது. அதன்படி முன் அச்சுக்கு 7 டன், நான்கு டயர் கொண்ட ஒற்றைப் பின் அச்சுக்கு 11.5 டன், இரட்டை அச்சுக்கு 21 டன். வரம்பு ஒவ்வோர் அச்சுக்கும் தனித்தனியே உண்டு என்பதை நம்மில் பலர் அறிவதில்லை. கூட்டுத்தொகை சரியாக இருந்தால் போதும் என்றெண்ணிவிடுகிறோம்.

கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்காக இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். ஆறு சக்கர லாரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 4 மீட்டர். காலி வண்டி 6 டன். அதில் முன்னால் 3.2, பின்னால் 2.8. இதில் 10 டன் சரக்கை ஏற்றுகிறோம். சரக்கின் நடுப்பாரம் பின் அச்சுக்கு 1 மீட்டர் முன்னால் விழுந்தால், அதில் நாலில் ஒரு பங்கு, அதாவது 2.5 டன், முன் அச்சுக்குப் போகும். முன்னால் 5.7, பின்னால் 10.3, இரண்டும் வரம்புக்குள். அதே 10 டன்னின் நடுப்பாரம் பின் அச்சுக்கு அரை மீட்டர் பின்னால் விழட்டும். இப்பொழுது சரக்கு முன் அச்சை அழுத்துவதற்குப் பதில் 1.25 டன் அளவுக்கு மேலே தூக்குகிறது. முன்னால் 1.95, பின்னால் 14.05. இரண்டு முறையும் மேடை காட்டுவது 16 டன்தான்! முதலாவது வண்டி வீடு வந்து சேரும். இரண்டாவது வண்டியில் ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் திருப்புவார்; சக்கரமும் திரும்பும்; ஆனால் தரையைப் பற்றிப் பிடிக்க அதன்மேல் பாரம் இல்லாததால் வண்டி நேராகவே போகும். மழை பெய்து சாலை வழுக்கினால் சொல்லவே வேண்டாம்.

பாட்டனார் கையால் தூக்கிப் பார்த்த நுகத்தடி இதுவேதான்.

நம் மாணவரின் லாரிக்கு இந்நிலை எப்படி வந்தது? விசாரித்தபோதுதான் தெரிந்தது. முதலாளி பழைய வண்டியை வாங்கி, ஒரு பட்டறையில் கொடுத்து, பெட்டியைப் பின்பக்கம் இரண்டடி நீட்டிப் பற்றவைத்திருக்கிறார். மேலே பலகை வைத்துத் தடுப்பையும் உயர்த்தியிருக்கிறார். குவாரியில் கல் அள்ளும் இயந்திரம் பின்புறம் வசதியாக நின்று கொட்டுவதால் கல் முழுதும் வால்பக்கத்தில் குவிகிறது. ஆலையிலிருந்து வந்தபோது அந்தச் சேஸுக்கு ஒரு கணக்கு இருந்தது. இரண்டடி இரும்பு அந்தக் கணக்கைக் கலைத்துவிட்டது.

நம் நாட்டில் லாரிகளும் பேருந்துகளும் பெரும்பாலும் இருமுறை பிறப்பவை. சென்னை எண்ணூரில் 1948இல் தொடங்கப்பெற்ற அசோக் நிறுவனம் போன்றவை எஞ்சினும் அச்சும் சட்டமும் கொண்ட வெறும் சேஸைத் தருகின்றன. லாரிப் பெட்டிக்கு நாமக்கல், திருச்செங்கோடு, பேருந்துக்குக் கரூர். திருச்சி நெடுஞ்சாலையில் பெரம்பலூர் வழியாகக் கரூர் நோக்கிச் செல்லும் கூரையற்ற சேஸ்களை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலிலும் காற்றிலும் அதை ஓட்டிச் செல்பவரைப் பார்க்கும்போதெல்லாம் என் மனம் இளகும். அந்த எலும்புக்கூட்டின்மேல் மரத்தையும் இரும்பையும் தகட்டையும் வைத்து உருவம் கொடுப்பவர்களின் கைவண்ணம் உலகம் வியக்கத்தக்கது. நல்ல பட்டறைக்காரர், பெட்டியின் நடுப்பாரம் பின் அச்சுக்கு எவ்வளவு முன்னால் விழவேண்டும் என்று அளந்த பின்னரே முதல் குறுக்குச் சட்டத்தை வைப்பார். பின் அச்சுக்கு அப்பால் நீளும் பகுதி இரு அச்சுகளின் இடைத்தூரத்தில் 60 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று மோட்டார் வாகன விதியும் இருக்கிறது. பதிவான வண்டியைத் தயாரிப்பாளரின் அளவுகளுக்கு மாறாக மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. விதியைத் தாண்டுபவர் பெரும்பாலும் முதலில் கட்டியவர் அல்லர். பிறகு நீட்டச் சொல்பவரும், காசுக்காக நீட்டித் தருபவருமே.

முன்பாரமும் பொல்லாததே. பெட்ரோல் அம்பாசிடர் கார்களில் டீசல் எஞ்சினை மாற்றிப் பொருத்தும் வழக்கம் ஒரு காலத்தில் நம் பட்டறைகளில் மிகுந்திருந்தது. டீசல் எஞ்சின் கனமானது. பெட்ரோல் எஞ்சினுக்கென்று அமைந்த முன்பகுதி அதன் பாரத்தில் தாழ்ந்துவிடும். ஸ்டீயரிங் கல்லாய்க் கனக்கும். முன் டயர்கள் தேய்ந்து தீரும். பின்பகுதி மேடுபள்ளத்தில் துள்ளும். அதைச் சமாளிக்க டிக்கியில் மணல் மூட்டையைப் போட்டு ஓட்டிய வாடகைக் கார்க்காரர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் எந்தக் கல்லூரியிலும் பௌதிகம் படித்தவரல்லர். கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றுபோயிற்று. இன்று ஆசைக்காக அக்காரை வாங்கிப் புதுப்பிக்கும் இளைஞர்கள், பளபளக்கும் வர்ணத்துக்குச் செலவிடுவதில் ஒரு சிறு பங்கை, முன் பின் எடையை நிறுத்துப் பார்ப்பதற்கும் செலவிடலாம்.

கரும்பு வெட்டும் பருவத்தில் எறையூர் சர்க்கரை ஆலைப் பக்கம் போனவர்கள் டிராக்டரின் முன் சக்கரங்கள் தரையை விட்டு எழுவதைக் கண்டிருக்கலாம். சிறுவர்கள் கைதட்டிச் சிரிப்பார்கள். அது சிரிக்கத்தக்க காட்சியன்று. டிரெய்லரின் பாரம் கொக்கியைக் கீழே அழுத்த, டிராக்டர் பின்னுக்குச் சாய முனைகிறது. இன்னும் சற்று அழுத்தினால் ஓட்டுநர் அடியில் கிடப்பார்.

பெண்மணிகளுக்கும் ஒரு வார்த்தை. வலீமா விருந்துக்கு ‘குட்டி யானை’ வண்டியில் இருபது பேர் ஏறிச் செல்வதை இன்றும் காண்கிறோம். 2005இல் அந்தச் சிறு வண்டி வந்தபோது அதற்குச் சொல்லப்பட்ட சுமை 750 கிலோ. இருபது பேர் என்றால் அதைத் தாண்டிவிடும். அதிலும் இளைஞர்கள் பின்கதவைத் திறந்துபோட்டு அதன்மேல் அமர்கிறார்கள். சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவதே சட்டப்படி குற்றம். பிள்ளைகளை அதில் ஏற்றிவிட்டு ‘பிஸ்மில்லாஹ்’ சொல்லி அனுப்பும் தாய்மார்கள், ஏற்றாமலே இருந்துவிடுவது நல்லது.

சாலைக்கு நேரும் கேட்டையும் சொல்லவேண்டும். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சோதனைச் சாலைகள் அமைத்து, இரவு பகலாக லாரிகளை ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின் எடை இரு மடங்கானால் சாலைச் சேதம் ஏறத்தாழப் பதினாறு மடங்காகிறது என்பது அதில் கிடைத்த முடிவு. நம் மாணவரின் வண்டியில் பின் அச்சுகள் வரம்பை மீறியது ஒன்பது விழுக்காடுதான். அந்தக் கணக்கின்படி சாலைக்கு நேரும் சேதமோ நாற்பது விழுக்காட்டுக்குமேல் கூடுதல். அந்தச் சாலை அந்த முதலாளிக்கு மட்டும் உரியதா?

இதிலெல்லாம் ஓர் ஆலிமுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். ஹிஜ்ரி 450இல் மறைந்த ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் மாவர்தீ, ஆட்சிமுறை பற்றிய தமது நூலில், சந்தையைக் கண்காணிக்கும் முஹ்தஸிபின் கடமைகளை எழுதுகிறார். கால்நடைகள் தாங்கமுடியாத வேலையை அவற்றிடம் வாங்குவோரைத் தடுப்பதும், மூழ்கும் அச்சம் தரும் அளவுக்குக் கப்பலில் பாரம் ஏற்றுவோரைத் தடுப்பதும் அக்கடமைகளுள் அடங்கும். ஹிஜ்ரி 515இல் (1121) மர்வு நகரத்து அறிஞர் அல்-காஸினீ தராசைப் பற்றி ஒரு பெருநூலே எழுதி, பொருள்களின் நடுப்பாரம் எங்கே நிற்கிறது என்பதை ஆராய்ந்தார். தம் உரிமையாளர் பட்டினி போட்டு ஓயாமல் வேலை வாங்குவதாக ஓர் ஒட்டகம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டதையும், அவர்கள் அந்த உரிமையாளரை அழைத்துக் கண்டித்ததையும் அபூதாவூதில் ஓதிக்கொடுத்துவிட்டு, என் மாணவரின் முறையீட்டை நான் காதில் வாங்காமல் விட்டேன். ஸூரா அர்ரஹ்மானில் வானம் உயர்த்தப்பட்டதைச் சொன்னவுடன் தராசைப் பற்றிச் சொல்லப்படுகிறது. அதை நான் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். கடைக்காரரின் தராசைத் தவிர வேறொன்றும் என் நினைவில் வந்ததில்லை.

ஆகவே அவருக்கு அளித்த பதிலை மாற்றிக்கொண்டேன். வண்டி கட்டுப்பாட்டில் நில்லாது என்று தெரிந்தபின் அதைச் சாலையில் எடுப்பது, பிறர் உயிரைத் தம் கூலிக்குப் பணயம் வைப்பதாகும். தெரியாமல் ஓட்டிய நாட்களுக்கு அவர்மீது குற்றமில்லை. எடைமேடையில் அந்த 4.6 டன்னைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல இயலாது. முதலாளியின் பொறுப்போ அவருடையதைவிடப் பெரிது. “வேலை போய்விட்டால் குழந்தைகளுக்கு என்ன செய்வேன் ஹஜ்ரத்?” என்று கேட்டார். அதற்கு என்னிடம் ஆயத்தமான பதில் இல்லை. “வாருங்கள், முதலாளியைப் பார்ப்போம்” என்றேன்.

முதலாளி நம்மவர்தான்; ஐவேளைத் தொழுகையாளி. இரண்டு சீட்டுகளையும் காட்டினேன். மார்க்கம் பேசியபோது தலையைக் குனிந்துகொண்டார்; அவ்வளவுதான். “ஆறு மாதத்தில் எத்தனை பின் டயர் வாங்கினீர்கள்? கமான் பட்டை எத்தனை முறை ஒடிந்தது?” என்று மாணவர் மெல்லக் கேட்டபோதுதான் நிமிர்ந்து பார்த்தார். கணக்குப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார். எங்கள் முன்பாகவே கூட்டிப் பார்த்தார். கூட்டி முடித்தபின் வெகுநேரம் பேசவில்லை.

நீட்டிய இரண்டடியை அடுத்த மாதமே வெட்டி எடுத்துவிட்டார்கள். கல்லை வால்பக்கம் குவிக்காமல் முன்பக்கம் தள்ளிக் கொட்டும்படி குவாரியிலும் சொல்லியிருக்கிறார். மறுபடி நிறுத்தபோது முன் அச்சில் 6 டன்னுக்குச் சற்று அதிகம் இருந்ததாக மாணவர் தொலைபேசியில் சொன்னார். வளைவில் வண்டி சொன்னபடி கேட்கிறதாம். உயர்த்திக் கட்டிய தடுப்புப் பலகைகள் மட்டும் இன்னும் அப்படியே இருக்கின்றன. “அவை இருந்தால் என்றைக்காவது ஒருநாள் கூடுதலாக ஏற்றச் சொல்வார், ஹஜ்ரத்” என்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் முதலாளியை மறுபடியும் பார்ப்பதாக இருக்கிறேன்.