விளைபொருளுக்கு ஒரு கூரை வேண்டும்

சங்கரன்கோவில் வட்டாரத்துக் கரிசல் காட்டில் உளுந்தும் பாசிப்பயறும் மக்காச்சோளமும் மிளகாயும் விளைகின்றன. விளைவிக்கத் தெரிந்த விவசாயிக்கு விற்கும் இடத்தில்தான் கை தளர்ந்துவிடுகிறது. களத்தில் பயறு காயும்போது கார்மேகம் திரண்டால் போதும், கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வீடு திரும்புகிறார். அன்று அவரைத் தோற்கடித்தது வியாபாரி மட்டுமல்ல, கூரை இல்லாத குறையும்தான்.

கூரையின் அருமைக்கு மதுரை புது மண்டபமே சாட்சி. மீனாட்சியம்மன் கோவிலின் கிழக்கே உள்ள இம்மண்டபத்தைத் திருமலை நாயக்கர் (1623–1659) வசந்த விழாவுக்காகக் கட்டினார். நீளம் சுமார் 333 அடி, அகலம் 105 அடி. வரிசை வரிசையாகக் கல் தூண்கள், அவற்றின் மேல் கல் உத்தரம், அதன் மேல் கற்பலகை பாவிய தளம். சந்தைக்காகக் கட்டியதல்ல என்றாலும், பிற்காலத்தில் தையற்கடை, பாத்திரக்கடை, புத்தகக்கடை என்று பெரும் அங்காடியே அங்கு உருவானது. மண்டபத்தைப் பழமைச் சின்னமாகப் பேணுவதற்காக, 2020-க்குப் பின்னர்தான் அக்கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. நல்ல நிழல் உள்ள இடத்தை வியாபாரம் தானே தேடி வரும்.

பிரான்சு நாட்டில் சந்தைக்கென்றே கூடம் கட்டினார்கள். கிரேமியூ என்னும் சிற்றூரில் 1434-இல் எழுந்த கூடம் இன்றும் நிற்கிறது. பருத்த மரத்தூண்கள், மேலே பலகைக்கல் வேய்ந்த சரிவுக் கூரை. அங்கே தானியம் அளப்பதற்குக் கல்லில் குடைந்த தொட்டிகளும் உள்ளன. தொட்டி நிரம்பியதும் திறந்துவிட்டால் தானியம் சாக்கில் விழும். எல்லோர் கண் முன்னும் அளவு நடக்கும். கல்லைச் சுருக்க எவராலும் முடியாது. நம்மிடமும் அந்த எண்ணம் இருந்தது. தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டுகள் 'ஆடவல்லான்' என்ற மரக்காலைக் குறிப்பிடுகின்றன. இறைவன் பெயர் கொண்ட அளவில் கைவைக்க எளிதில் துணிவு வருமா?

ஆக, விவசாயிக்கு வேண்டியவை இரண்டு: பொதுக்கூரை, பொது அளவு. இந்த இரண்டையும் தரவே ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் வந்தன. சென்னை மாகாணத்தில் 1933-இல் சட்டம் பிறந்தது. 1936-இல் திருப்பூரில் பருத்திக்காக முதல் கூடம் திறக்கப்பட்டது. சங்கரன்கோவிலிலும் விற்பனைக்கூடம் உண்டு. இத்தகைய கூடங்களில் சரியான எடை, மறைமுக ஏலம், இருப்பு வைக்கக் கிட்டங்கி, இருப்பின் பேரில் பொருளீட்டுக் கடன் ஆகிய வசதிகள் உள்ளன.

அப்படியிருந்தும் சிறு விவசாயிகள் பலர் கமிஷன் மண்டிக்கே போகிறார்கள். விதைக்கும் உரத்துக்கும் அங்கே முன்பணம் வாங்கியவர் வேறு வாசல் மிதிக்க முடியுமா? இரண்டு மூட்டைக்கு வண்டி வாடகைதான் கட்டுமா? அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கூடம்தான் அவரைத் தேடி வரவேண்டும்.

சிற்பத்தூண்கள் தேவையில்லை. பெரிய கிராமங்களில் உலர்களத்தை ஒட்டி நான்கு புறமும் திறந்த ஒரு கொட்டகை, முத்திரையிட்ட தராசு ஒன்று, ஈரம் ஏறாத மேடை ஒன்று போதும். சந்தை வரவிலிருந்து முதல் செலவாக இதைச் செய்யலாம். அலங்கார வளைவும் சுற்றுச்சுவரும் பிறகு வரட்டும். விவசாயிகளும் தம் பங்கைச் செய்ய வேண்டும். பத்துப் பேர் பயறைக் கொட்டகையில் சேர்த்துவைத்து, ஒரே வண்டியில் விற்பனைக்கூடத்துக்குக் கொண்டுபோனால் வாடகையும் குறையும், ஏலத்தில் மதிப்பும் கூடும்.

மழைக்குப் பயந்து விற்பவனுக்கு விலை பேச வாய் இருக்காது. நான்கு நாள் காத்திருக்க முடிந்தவனே விலை சொல்வான். அந்த நான்கு நாளைத் தருவது கூரைதான்.