தேவாரத்துக்குத் திக்காத வாய்

கிளிநொச்சிப் பக்கத்தில் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் இருக்கிறார். திக்குவாய்ப் பிள்ளைகளுக்குப் பேச்சுச் சிகிச்சை வேண்டும் என்று யார் வாய்திறந்தாலும் நான்கு வாதங்களை அடுக்குவார். ஒன்று, அது நடிப்பு. இரண்டு, நாக்கில் வசம்பைத் தேய்த்து நாலு அதட்டு அதட்டினால் தீரும். மூன்று, அது யுத்தம் தந்த பயம், தானாகவே போய்விடும். நான்கு, கால் இழந்தவர்கள் வாழும் வன்னியில் இதெல்லாம் ஆடம்பரம். நடிப்பென்றால் வசம்பு எதற்கு, பயமென்றால் மேலும் பயமுறுத்துவானேன் என்று அவர் தன்னைத்தானே கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஒன்றையொன்று வெட்டும் இந்த வாதங்கள் ஒரே இடத்தில்தான் போய் நிற்கின்றன: பிள்ளைக்கு எதுவும் செய்யவேண்டாம்.

நடிப்பு என்பதற்கு அவர் காட்டும் சாட்சி இது: “காலைக்கூட்டத்தில தேவாரம் பாடேக்க திக்காத வாய், இடாப்புக் கூப்பிட்டால் மட்டும் திக்குதாம். எல்லாம் சுத்துமாத்து.” ஐயா, திக்குவாயின் அடையாளமே அதுதான். பாடும்போதும் பலரோடு சேர்ந்து வாசிக்கும்போதும் அநேகருக்குத் திக்குவதில்லை. தாளமும் மற்றவர் குரலும் அங்கே துணைக்கு வருகின்றன. தனியே எழுந்து தன் பெயரைச் சொல்லும்போதுதான் சிக்குகிறது. பெயருக்கு மாற்றுச்சொல் கிடையாதே. பஸ்ஸில் ‘பரந்தன்’ என்று சொல்ல வராமல் ‘கரடிப்போக்கு’ என்று சொல்லி இறங்கி, மிச்சத் தூரம் நடக்கிறவரும் உங்கள் கணக்கில் நடிகர்தானா?

தேவாரம் பாடும் நாக்கில் குறையில்லை என்பதை நீங்களே நிரூபித்துவிட்டீர்கள். பிறகு அதில் வசம்பு தேய்ப்பது ஏன்? 1841இல் பேர்லினில் டீஃபென்பாக் என்ற சத்திரசிகிச்சையாளர் திக்குவாய்க்காக நாக்கையே வெட்டினார். நோய் இல்லாத இடத்தில் வைத்தியம் பார்த்ததில் நீங்கள் அவருடைய வாரிசு. அதட்டலின் பலனும் சோதிக்கப்பட்ட ஒன்றுதான். 1939இல் அமெரிக்காவின் அயோவாவில் வென்டல் ஜோன்சனின் வழிகாட்டலில் மேரி ரியூடர் என்ற மாணவி, சரியாகப் பேசிய அநாதைப் பிள்ளைகள் சிலரிடம் ‘உன் பேச்சில் குறை இருக்கிறது’ என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தப் பிள்ளைகள் கூச்சப்பட்டுப் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். 2001இல் அயோவாப் பல்கலைக்கழகம் அதற்கு மன்னிப்புக் கேட்டது. நம் வகுப்பறைகளில் அதே சோதனை தினமும் நடக்கிறது. மன்னிப்புக் கேட்கத்தான் ஆளில்லை.

யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தது. இன்று தரம் ஒன்றில் இருக்கும் பிள்ளை முள்ளிவாய்க்காலைக் கண்டதில்லை. தலைக்காயத்தாலும் அதிர்ச்சியாலும் வளர்ந்தவர்களுக்குத் திக்கல் வருவதுண்டு. அது வேறு வகை, அதற்கும் கவனிப்பு வேண்டும். பெரும்பாலான திக்குவாய் இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் தொடங்குகிறது. பரம்பரைக்கும் அதில் பங்குண்டு: பாகிஸ்தான் குடும்பங்களை ஆராய்ந்து, தொடர்புள்ள மரபணு மாற்றங்களை 2010இல் கண்டறிந்தார்கள். எல்லாப் பழியையும் யுத்தத்தின் தலையில் போடுவது நமக்கு வசதியாகிவிட்டது.

‘தானாகப் போய்விடும்’ என்பதில் பாதி உண்மை உண்டு. நூற்றுக்கு ஐந்து பிள்ளைகள்வரை ஒரு காலத்தில் திக்குகிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அது மாறிவிடுகிறது. வளர்ந்தவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரிடம் தங்கிவிடுகிறது. எந்தப் பிள்ளையிடம் தங்கும் என்று உறுதியாகச் சொல்ல எவராலும் முடியாது. அதனால்தான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே காட்டவேண்டும் என்கிறோம். அவுஸ்திரேலியாவில் உருவான லிட்கம் முறையில், சிகிச்சையாளர் சொல்லிக்கொடுக்க, தாயோ தகப்பனோ வீட்டில் வைத்தே பயிற்சி கொடுக்கிறார்கள். வன்னித் தாய்மாருக்கு அது முடியாத காரியமா?

மிஞ்சியது ஆடம்பரம். திக்கிப் பேசிய பிரித்தானிய மன்னர் ஆறாம் ஜோர்ஜுக்கு லயனல் லோக் என்ற பேச்சுப் பயிற்சியாளர் கிடைத்தார். அதை எவரும் ஆடம்பரம் என்று சொல்லவில்லை. வன்னியின் தருமபுரத்துப் பிள்ளைக்கு மட்டும் அது ஆடம்பரமாகிவிடுகிறது. பேச்சு, கேட்டல் விஞ்ஞானப் பட்டப்படிப்பு றாகமையில், களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் நடக்கிறது. கிளிநொச்சியிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீற்றர். வன்னி மாணவர்கள் அங்கே படித்துத் திரும்பவேண்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வைத்தியசாலைகளில் தமிழில் சிகிச்சை தரும் நிரந்தர நியமனங்கள் வேண்டும். பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் தமிழில் கைநூல் வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. கல்வியில் தேவையான வசதி செய்துகொடுப்பது அதன்படி கடமை, தருமம் அல்ல.

காசு செலவில்லாத வேலையும் இருக்கிறது. பிள்ளை சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள். அதன் சொல்லை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். ‘ஆறுதலாச் சொல்லு’ என்று அதிகாரம் பண்ணாதீர்கள். இடாப்புக்குக் கையுயர்த்தினால் போதும் என்று விடுங்கள். பக்கத்துப் பிள்ளை சிரித்தால் திருத்தவேண்டியது அந்தச் சிரிப்பை. இத்தனை வருடம் அதிபராக இருந்தும் இவற்றில் ஒன்றைக்கூடச் செய்யாதவருக்கு, திக்கும் பிள்ளையை நடிகன் என்று சொல்ல எந்த உரிமையும் இல்லை.