நவம்பர் 1-ஆ, ஜூலை 18-ஆ? பாடியில் கிளம்பும் சாலையும் தமிழ்நாட்டின் 'பிறந்தநாள்' சிக்கலும்

பாடியில் இருந்து அம்பத்தூர் பக்கம் போகும் எம்.டி.எச். சாலை, அங்கே தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கு டிராஃபிக் மட்டும்தான். எம்.டி.எச். என்றால் மெட்ராஸ் - திருவள்ளூர் ஹை ரோடு. அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர் எனப் போய், திருத்தணியைத் தாண்டி, நகரி, புத்தூர் வழியாக திருப்பதி பக்கம் போகிற வழி இது. ஆடிக் கிருத்திகை வந்தால் திருத்தணிக்குக் காவடி எடுக்கும் கூட்டமும் இந்தப் பக்கம்தான் போகும்.

1953 அக்டோபரில் இருந்து 1960 மார்ச் வரை, இதே வழியில் திருத்தணி முருகனைப் பார்க்கப் போனவர்கள் வேறொரு மாநிலத்துக்குப் போய்வந்தார்கள். திருத்தணி அப்போது ஆந்திராவில் இருந்தது.

'தமிழ்நாடு நாள்' எது என்று வருஷா வருஷம் சோஷியல் மீடியாவில் நடக்கும் சண்டையில் இந்த விஷயம் வருவதே இல்லை.

சண்டை என்ன?

2019-ல் அதிமுக ஆட்சி, நவம்பர் 1-ஐ தமிழ்நாடு நாளாக அறிவித்துக் கொண்டாடியது. 2021 அக்டோபர் கடைசியில் முதல்வர் மு.க.ஸ்டாலின், 'இனி ஜூலை 18-தான்' என்று அறிவித்தார். 2022-ல் இருந்து அரசு விழா ஜூலைக்கு மாறியது. எந்த ஆட்சி எந்தத் தேதியைச் சொன்னதோ, அந்தக் கட்சிக்காரர்களுக்கு அதுதான் சரியான தேதி. அதை விட்டுவிட்டு அந்தந்த நாளில் உண்மையில் என்ன நடந்தது என்று பார்க்கலாம்.

சென்னை கைவிட்டுப் போக இருந்ததா?

ஆந்திர மாநிலம் கேட்டு பொட்டி ஸ்ரீராமுலு 1952 அக்டோபர் 19-ல் உண்ணாவிரதம் தொடங்கியது சென்னையில்தான். டிசம்பர் 15-ம் தேதி அவர் இறந்தார். நான்கே நாளில், ஆந்திர மாநிலம் அமைக்கப்படும் என்று நேரு அறிவித்தார். அடுத்த கேள்வி, சென்னை யாருக்கு?

தெலுங்குத் தலைவர்கள் நகரைக் கேட்டார்கள். தாற்காலிகமாகவாவது ஆந்திரத் தலைநகர் இங்கே இருக்கட்டும் என்றும் பேச்சு இருந்தது. கூவத்தை எல்லையாக வைத்து நகரை இரண்டாகப் பிரிக்கலாம் என்ற யோசனையும் கிளம்பியது. பாடி கூவத்துக்கு வடக்கே இருக்கிறது. அந்த யோசனை ஜெயித்திருந்தால் பாடியின் முகவரியில் எந்த மாநிலத்தின் பெயர் இருந்திருக்கும் என்று அங்கே குடியிருப்பவர்கள் ஒரு நிமிஷம் யோசித்துப் பார்க்கலாம்.

ம.பொ.சி. 'தலை கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்' என்று இறங்கினார். முதல்வர் ராஜாஜியும் நகரை விட்டுத்தர மறுத்தார். 1953 மார்ச் 25-ல், ஆந்திரத் தலைநகர் ஆந்திர எல்லைக்குள்ளேயே இருக்கும் என்று நேரு நாடாளுமன்றத்தில் சொன்ன பிறகுதான் பிரச்சினை அடங்கியது. தலைநகர் கர்னூலுக்குப் போனது.

சென்னை தப்பித்தது. ஆனால் 1953 அக்டோபர் 1-ல் ஆந்திரா பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுசாக அந்தப் பக்கம் போனது, திருத்தணியோடு சேர்த்து.

அப்போ நவம்பர் 1?

1956 நவம்பர் 1, நாடு முழுக்க மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தப்பட்ட நாள். கேரளாவும் கர்நாடகாவும் இதே நாளைக் கொண்டாடுவது அதனால்தான். அன்று மலபார் கேரளாவுக்கும், தென் கன்னடமும் கொள்ளேகாலமும் மைசூருக்கும் போயின. திருவிதாங்கூர் பக்கமிருந்து அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நம்மோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆனது. செங்கோட்டையும் வந்தது. தேவிகுளம், பீர்மேடு வரவில்லை. குமரி சும்மா வந்துவிடவில்லை. அந்த இணைப்புக்காக நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11-ல் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின.

ஆக, தெற்கு எல்லை முடிவானது நவம்பர் 1-ல். வடக்கு அன்றும் முடியவில்லை. அன்றைய வரைபடத்தைப் பார்த்தால் திருத்தணி இன்னும் ஆந்திராவில்தான்!

திருத்தணி எப்படித் திரும்பியது?

ம.பொ.சி.யும் திருத்தணிப் பகுதியில் மங்கலங்கிழாரும் நடத்திய வட எல்லைப் போராட்டத்தின் தொடர்ச்சியாக, படாஸ்கர் நடுவராக வந்தார். தாலுகாவை மொத்தமாகத் தூக்கிக் கொடுக்காமல், கிராமத்தை அலகாக வைத்து, எந்த மொழி பேசுபவர்கள் அதிகம், நிலம் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு எல்லை பிரிப்பு இரண்டு மாநிலங்களுக்குள்ளும் சண்டையாகும்போதெல்லாம் (பெலகாவி வரை) இந்த ஃபார்முலாதான் எடுத்துக்காட்டாகப் பேசப்படுகிறது.

1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. பதிலுக்கு நாமும் கொடுத்தோம். பொன்னேரிப் பக்கமிருந்து சத்தியவேடு ஆந்திராவுக்குப் போனது. இன்றைக்கு சென்னையில் இருந்து கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீசிட்டிக்கு வேலைக்குப் போகிறவர்கள் போய் இறங்குவது, ஒரு காலத்தில் செங்கல்பட்டு மாவட்டமாக இருந்த நிலத்தில். திருப்பதி வரை கேட்ட ம.பொ.சி.க்கு திருத்தணியோடு திருப்திப்பட வேண்டியிருந்தது.

ஜூலை 18-ல் நடந்தது என்ன?

அது பெயரின் கதை. எல்லை தமிழருக்குரியதாக மாறிய பிறகும் பெயர் 'மெட்ராஸ் ஸ்டேட்'தான். பெயர் மாற்றம் உள்ளிட்ட 12 கோரிக்கைகளோடு சங்கரலிங்கனார் 1956 ஜூலை 27-ல் விருதுநகரில் உண்ணாவிரதம் தொடங்கினார். அக்டோபர் 13-ல் இறந்தார். நவம்பர் 1-க்கு 19 நாள் முன்பு. 1963-ல் பூபேஷ் குப்தா கொண்டுவந்த பெயர் மாற்ற மசோதாவை அண்ணா மாநிலங்களவையில் ஆதரித்துப் பேசினார். மசோதா தோற்றது. 1967-ல் அண்ணாவே முதல்வரானதும் ஜூலை 18-ல் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது.

ஆனால் தீர்மானம் போட்டால் பெயர் மாறிவிடாது. அரசியல் சாசனத்தின் 3-வது பிரிவுப்படி, மாநிலத்தின் பெயரையும் எல்லையையும் மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு. சட்டமன்றத்திடம் கருத்து கேட்பார்கள், அதை ஏற்றே ஆக வேண்டும் என்று இல்லை. அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில் இருந்து நிலத்தைப் பிரித்து புது மாநிலம் ஆக்க அந்த மாநிலச் சட்டமன்றம் சம்மதித்தாக வேண்டும். இங்கே அப்படி இல்லை. மேற்கு வங்கம் 2018-ல் 'பாங்ளா' என்று தீர்மானம் போட்டுவிட்டு டெல்லியைப் பார்த்ததும் இதனால்தான்.

நாடாளுமன்றம் மசோதாவை நிறைவேற்றியது 1968 நவம்பரில். பெயர் சட்டப்படி அமலுக்கு வந்தது 1969 ஜனவரி 14-ல். பிப்ரவரி 3-ல் அண்ணா மறைந்தார். தமிழ்நாட்டின் முதல்வராக அவர் இருந்தது மூன்றே வாரம்.

எந்தத் தேதி சரி?

மண்ணைப் பார்ப்பவர்கள் நவம்பர் 1 என்கிறார்கள், பெயரைப் பார்ப்பவர்கள் ஜூலை 18 என்கிறார்கள். ஜூலை 18-ன் பக்கம் கொஞ்சம் கூடுதல் நியாயம் இருக்கிறது. நவம்பர் 1 டெல்லி தந்த வரைபடத்தின் தேதி, ஜூலை 18 இங்கே எழுந்து நின்று கேட்ட தேதி. பெயர் விவகாரம் பழங்கதையும் இல்லை. 2023 ஜனவரியில் ஆளுநர் ஆர்.என்.ரவி 'தமிழகம்' என்பதே பொருத்தம் என்று பேசி, எதிர்ப்பு கிளம்பி, விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது.

நவம்பர் 1-ஐ அரசு இப்போது எல்லைப் போராட்டத் தியாகிகளோடு சேர்த்து நினைவுகூர்கிறது. குமரிக்கு அது பொருந்தும். திருத்தணிக்குப் பொருந்தாது. ஏப்ரல் 1-ஐ யாரும் கொண்டாடுவதில்லை. அன்றைக்கு ஏப்ரல் ஃபூல் மீம்தான் ஓடும்.