இரண்டாவது வாசல்

சேலம் அஸ்தம்பட்டியிலுள்ள மத்தியச் சிறை 1862-ம் ஆண்டில் ஏற்பட்டது. தண்டனை முடிந்து அதன் வாசலைத் தாண்டி வருகிறவருக்கு இரண்டாவது வாசல் ஒன்று காத்திருக்கிறது. அது நம் வீட்டு வாசல்!

சிறையில் உழைத்த கூலியில் அவர் பங்கு கையில் இருக்கலாம். தொழில் தொடங்கச் சிறை மீண்டோர் நலச் சங்கம் பொருளுதவி செய்யலாம். ஆனால் வாங்கிய தையல் யந்திரத்தை எங்கே வைப்பது? பூர்வோத்தரமெல்லாம் விசாரித்த பிறகுதானே நாம் குடிக்கூலிக்கு இடம் விடுகிறோம்?

சென்ற தை மாதத்தில் அப்படி ஒருவர் என்னிடம் வந்தார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். "இடம் காலியில்லை" என்றேன். சிறை மீண்டவர் மெய் சொன்னார். பள்ளியில் வாய்மையைப் போதிக்கும் நான் பொய் சொன்னேன். என் பின்கட்டு அறை இன்னும் பூட்டியே கிடக்கிறது.

சட்டம் விடுவித்தவரை நாம் வெளியே நிறுத்தலாமா, நேயர்களே? அவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.