கர்நாடகச் சுழற்பந்து: எந்தப் பேரேட்டைப் புரட்டுவது?

கர்நாடகம் தந்த சுழற்பந்து வீச்சாளர்களுள் தலைசிறந்தவர் யார் என்று பெங்களூருவில் எவரிடம் கேட்டாலும், கேள்வி முடிவதற்குள் அனில் கும்ப்ளே என்ற விடை வந்துவிடும். காரணங்களுக்கும் பஞ்சமில்லை. 132 டெஸ்ட் ஆட்டங்களில் 619 விக்கெட்டுகள். 1999 பிப்ரவரியில் தில்லியில் பாகிஸ்தானின் பத்து விக்கெட்டுகளையும் 74 ஓட்டங்களுக்குத் தாமே வீழ்த்திய இன்னிங்ஸ். 2002இல் ஆன்டிகுவாவில் உடைந்த தாடையைக் கட்டிக்கொண்டு பந்து வீசி, லாராவை வெளியேற்றிய துணிவு. சின்னசாமி மைதானத்துக்கு அருகே ஒரு சந்திப்புக்கே அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. இத்தனைக்கும் பிறகு விவாதம் எதற்கு என்று தோன்றுவது இயல்பே.

ஆயினும் எனக்கு ஒரு தடை உண்டு. கேள்வி கர்நாடகத்தைப் பற்றியது. விடையோ இந்தியாவின் பேரேட்டிலிருந்து எடுத்துத் தரப்படுகிறது. ஒரே உரிமையாளர் இரண்டு நிறுவனங்கள் நடத்துகிறார் என்று கொள்வோம். ஒன்றின் ஐந்தொகையைக் காட்டி மற்றொன்றுக்குக் கடன் கேட்டால், கடன் மதிப்பீட்டு மேசையில் அமர்ந்திருக்கும் எந்த அலுவலரும் அதை ஏற்கமாட்டார். உரிமையாளர் நேர்மையானவராக இருக்கலாம். முதல் நிறுவனம் கொழித்துக்கொண்டும் இருக்கலாம். கேட்ட கணக்கு வேறு, காட்டிய கணக்கு வேறு. அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்து ரசிகர்கள் தங்கள் பல்கலைக்கழகத்தின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் யார் என்று ஆண்டுக்கணக்கில் வாதிடுவது வழக்கம். அங்கே முதலில் பார்க்கப்படுவது, கல்லூரிச் சட்டையை அணிந்திருந்த காலத்தில் அவர் என்ன செய்தார் என்பதைத்தான். பின்னாளில் தொழில்முறை ஆட்டத்தில் ஈட்டிய புகழ் தனிக் கணக்கு. அந்த ஒழுங்கை நாமும் கைக்கொள்வதில் தவறில்லை. கர்நாடகத்தின் பேரேடு என்பது ரஞ்சிக் கோப்பை.

இரண்டு பேரேடுகளும் எவ்வளவு வேறுபடக்கூடும் என்பதற்கு நம் அண்டையிலேயே சான்று உண்டு. தமிழ்நாட்டின் வி. வி. குமார் ரஞ்சிக் கோப்பையில் 400 விக்கெட்டுகளைக் கடந்தவர். அவர் ஆடிய டெஸ்ட் ஆட்டங்கள் இரண்டே இரண்டு. ஹரியானாவின் ராஜிந்தர் கோயல் 600 விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்தும் ஒரு டெஸ்ட் ஆட்டத்திலும் இடம் பெறவில்லை.

கர்நாடகப் பேரேட்டைத் திறந்தால் முதலில் வியப்பே காத்திருக்கிறது. ரஞ்சியில் இம்மாநிலத்துக்காக மிகுதியான விக்கெட்டுகள் எடுத்தவர் கும்ப்ளே அல்லர், சந்திரசேகரும் அல்லர். 479 விக்கெட்டுகளுடன் முன்னிற்பவர் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் சுனில் ஜோஷி. கதகில் பிறந்து, பயிற்சிக்காக ஹுப்பள்ளிக்கு ரயிலேறிச் சென்று வந்தவர். 1995-96 பருவத்தில் ஐந்நூறு ஓட்டங்களுக்கு மேலும் ஐம்பது விக்கெட்டுகளுக்கு மேலும் ஒருசேரக் குவித்தார். அந்த ஆண்டு இறுதியாட்டத்தில் கர்நாடகம் சென்னையிலேயே தமிழ்நாட்டை முந்திக் கோப்பையை எடுத்துச் சென்றது. (தமிழ் வாசகர்கள் இதை மறந்திருக்க மாட்டார்கள்.) 1999இல் நைரோபியில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராகப் பத்து ஓவர்களில் ஆறே ஓட்டங்கள் கொடுத்து ஐந்து விக்கெட்டுகள் எடுத்த பிறகுதான் நாடு அவரைத் திரும்பிப் பார்த்தது. பார்த்துவிட்டு, விரைவில் மறந்தும்விட்டது.

அப்படியானால் ஜோஷியை முதலிடத்தில் அமர்த்திவிடலாமா? இங்கேதான் தொகையை மட்டும் பார்க்கும் பழக்கம் நம்மை இடறச் செய்கிறது. எழுபதுகளின் கர்நாடக அணியில் எரபள்ளி பிரசன்னா, பகவத் சந்திரசேகர், பி. விஜயகிருஷ்ணா என மூன்று சுழற்பந்து வீச்சாளர்கள் ஒன்றாக வீசினார்கள். எதிரணியின் பத்து விக்கெட்டுகளை மூவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அது இணைக் கணக்கு. கும்ப்ளே பெரும்பாலும் நாட்டுக்காக ஆடச் சென்றுவிட்ட ஆண்டுகளில் ஜோஷியினுடையது ஏறத்தாழத் தனிநபர் கணக்கு. ஜோஷியின் உழைப்பை இது குறைத்துவிடாது. துணையின்றிச் சுமப்பதும் ஒரு கடினமே. எனினும் 479 என்ற எண்ணையும் சந்திரசேகரின் 437 என்ற எண்ணையும் அருகருகே வைத்து, 42 விக்கெட்டு வேறுபாட்டைக் கொண்டு தீர்ப்பு எழுதிவிட முடியாது.

சந்திரசேகரைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளைவாதம் தாக்கி வலக்கை மெலிந்துபோனது. பந்தை எடுத்து எறிவதற்கு இடக்கையையே பயன்படுத்திய அவர், வீசுவதற்கு மட்டும் அந்த மெலிந்த வலக்கையை வைத்துக்கொண்டார். லெக் ஸ்பின்னும் கூக்ளியும் மித வேகப்பந்தின் விரைவில் வந்தன. அடுத்த பந்து எப்படித் திரும்பும் என்பது மட்டையாளருக்குத் தெரியாது. வீசுபவருக்கே சில வேளைகளில் தெரியாது என்று அக்காலத்து ரசிகர்கள் சொல்லிச் சிரிப்பதுண்டு. 1971 ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் 38 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டுகள். இங்கிலாந்து 101 ஓட்டங்களுக்குச் சுருண்டது. அந்த மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி அது. 1972-73இல் இங்கிலாந்துக்கு எதிரான ஒரே தொடரில் 35 விக்கெட்டுகள் எடுத்தார்; எந்த இந்தியப் பந்துவீச்சாளரும் ஒரு தொடரில் அதை மிஞ்சியதில்லை. மெல்பர்னில் 1977-78 பயணத்தின்போது இரண்டு இன்னிங்ஸிலும் அச்சொட்டாக 52 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டுகள். ஆஸ்திரேலிய மண்ணில் நாட்டின் முதல் டெஸ்ட் வெற்றிக்கு அதுவே வழிவகுத்தது. மட்டையைப் பிடித்தால் கதை வேறு. 58 டெஸ்ட் ஆட்டங்களில் 242 விக்கெட்டுகள் எடுத்தவர் அடித்த ஓட்டங்கள் 167 மட்டுமே!

ஆட்டத்தை ஒரே மணி நேரத்தில் புரட்டிப்போடும் ஆற்றலே அளவுகோல் என்றால், சந்திரசேகருக்கு நிகர் இந்த மாநிலத்தில் எவரும் இல்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரம் எப்போது வரும் என்பதை எவராலும் கணிக்க இயலாது. அதற்காகக் காத்திருக்கவும், மறுமுனையில் ஓட்டங்களைக் கட்டிவைக்கவும், வந்ததும் அதைப் பயன்படுத்தவும் ஒருவர் தேவைப்பட்டார். அந்த ஒருவர் பிரசன்னா.

1962 ஜனவரியில் சென்னையில் இங்கிலாந்துக்கு எதிராகத் தம் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடிய பிரசன்னா, அதே ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளுக்கும் சென்று வந்தார். பின்னர் ஐந்தாண்டுகள் அவரை டெஸ்ட் அரங்கில் காணவில்லை. மைசூரில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தார். இன்றைய கணக்கில் இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம். ஆட்டத்தால் வயிறு நிரம்பாத காலம் அது. பட்டமும் ஒரு நிலையான வேலையுமே நடுத்தரக் குடும்பத்துக்குக் காப்பீடு. வங்கிகளின் பங்கையும் இங்கே சொல்லியாக வேண்டும்: விஸ்வநாத், கிர்மானி, பம்பாயின் வாடேகர் ஆகியோரை ஸ்டேட் வங்கி பணியில் அமர்த்தியிராவிட்டால் அவர்களின் வாழ்வு இவ்வளவு கவலையற்றதாக இருந்திருக்குமா என்பது ஐயமே. பொறியாளராகத் திரும்பி வந்த பிரசன்னா, 1967-68 பயணத்தில் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் எட்டு ஆட்டங்களில் 49 விக்கெட்டுகள் சாய்த்தார். இருபதாவது டெஸ்ட் ஆட்டத்திலேயே நூறாவது விக்கெட்டைத் தொட்டார். 2011இல் நம் அஸ்வின் வரும்வரை அதைவிட விரைவாக அந்த எண்ணை எட்டிய இந்தியர் இல்லை.

இந்தியப் பேரேட்டில் அவருக்கு நேர்ந்தது வேறு. ஓவலில் வரலாறு படைத்த அந்த 1971 தொடரில் ஆஃப் ஸ்பின்னருக்கான ஒரே இடம் வேங்கடராகவனுக்குக் கிடைத்தது. மூன்று டெஸ்ட் ஆட்டங்களையும் பிரசன்னா வெளியிலிருந்தே பார்த்தார். இருவருள் எவர் மேல் என்ற வழக்கு சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே இன்னும் தீரவில்லை. சென்னைத் தமிழர் ஒருவிதமாகவும் பெங்களூருத் தமிழர் மற்றொரு விதமாகவும் தீர்ப்பளிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

நம் பேரேட்டுக்குத் திரும்புவோம். 1934இல் தொடங்கிய ரஞ்சிப் போட்டியை மைசூர் அணி ஒருமுறையும் வென்றதில்லை. மாறாக, 1958-59 முதல் 1972-73 வரை தொடர்ந்து பதினைந்து ஆண்டுகள் கோப்பை பம்பாயிலேயே தங்கிவிட்டது. 1973 நவம்பர் முதல் நாள் மாநிலத்தின் பெயர் கர்நாடகம் என்றாயிற்று. அந்தப் பெயரில் ஆடிய முதல் பருவத்திலேயே, பிரசன்னாவின் தலைமையில், அரையிறுதியில் பெங்களூரு மைதானத்தில் பம்பாயை எதிர்கொண்டார்கள். விஸ்வநாத் 162 ஓட்டங்கள், பிரிஜேஷ் படேல் 106. கவாஸ்கரின் குச்சிகளைப் பிரசன்னா தாமே தகர்த்தார். வாடேகர் ரன் அவுட் ஆனார். முதல் இன்னிங்ஸ் முன்னிலையில் கர்நாடகம் வென்றது. ஜெய்ப்பூரில் ராஜஸ்தானையும் வீழ்த்திக் கோப்பையைக் கொண்டுவந்தது. 1977-78இல் மீண்டும் அவர் தலைமையிலேயே இரண்டாவது பட்டம்.

அந்த அரையிறுதியை வென்றது மட்டைதானே, சுழற்பந்து எங்கே வந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பம்பாயின் மட்டையாளர்கள் அடித்துக் கடந்துவிடாமல் காப்பதற்கே வீச்சாளர்கள் இருந்தார்கள். அந்தப் பொறுப்பில் பிரசன்னா வீச்சாளராகவும் தலைவராகவும் இரட்டைச் சுமை தாங்கினார். மட்டையாளரின் கண்மட்டத்துக்கு மேலே பந்தை மிதக்கவிட்டு, எட்டிவிடும் என்று நம்பவைத்து, எட்டாமல் விழச்செய்யும் கலை அவருடையது. சந்திரசேகரை எப்போது அழைப்பது, எப்போது ஓய்வளிப்பது என்பதையும் அவரே முடிவு செய்தார். 437இல் ஒரு பகுதியைத் தலைவரின் கணக்கிலும் வரவு வைக்கலாம் என்பது என் எண்ணம்.

ரகுராம் பட் என்ற பெயரையும் இங்கே விட்டுவிட முடியாது. 1981-82 அரையிறுதியில் மீண்டும் பெங்களூரு, மீண்டும் பம்பாய். இடக்கைச் சுழலால் ஹாட்ரிக் உட்பட எட்டு விக்கெட்டுகளை முதல் இன்னிங்ஸில் அள்ளினார். இரண்டாம் இன்னிங்ஸில் ஆடுகளம் பெயர்ந்து, வெளியே திரும்பிய பந்துகளைச் சமாளிக்க வேறு வழி தெரியாமல் கவாஸ்கர் இடக்கை மட்டையாளராக நின்று ஆடினார். உலகத்தின் தலைசிறந்த தொடக்க ஆட்டக்காரர் ஒரு வீச்சாளருக்காகக் கையையே மாற்றிக்கொண்டார் என்றால், அதைவிடப் பெரிய நற்சான்று எந்த அலுவலகம் தரப்போகிறது? பட் ஆடிய டெஸ்ட் ஆட்டங்கள் இரண்டு.

கும்ப்ளேயோ 1989-90இல்தான் கர்நாடகத்துக்காக முதன்முதலில் ஆடினார். 1990 ஆகஸ்டில் மான்செஸ்டரில் இந்திய டெஸ்ட் சட்டையை அணிந்துவிட்டார். மாநிலத்துக்கு அவரைத் தர நாட்டுக்கு நேரமே இருக்கவில்லை. அது அவர் குற்றமன்று, பெருமையே. எனினும் இந்தப் பேரேட்டில் அவர் பக்கம் மெல்லியது.

ஆகவே என் வரிசை இது: பிரசன்னா, சந்திரசேகர், ஜோஷி, அவர்களுக்குப் பின் கும்ப்ளேயும் பட்டும். பசவனகுடியில் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். எனக்கே உறுத்தும் இடம் ஒன்றுதான்: விஜயகிருஷ்ணா. பிரசன்னாவுக்கும் சந்திரசேகருக்கும் இடையே மூன்றாமவராக நின்று, பல பருவங்கள் இடக்கையால் வீசியும் இடக்கையால் மட்டை பிடித்தும் அணியைத் தாங்கியவர். ஒருமுறையும் இந்தியாவுக்காக ஆடாமலே 2021இல் மறைந்தார். வேறெந்த மாநிலத்தில் பிறந்திருந்தாலும் முதல் வீச்சாளராக இருந்திருப்பார். அவரை எந்த எண்ணின் கீழ் எழுதுவது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.