துவாய்க்கும் வெயிலுக்கும் நடுவே நிற்பவர் யார்?

வெள்ளவத்தையில் உறவினர் ஒருவர் வாங்கிய தொடர்மாடி வீட்டுக்கு அண்மையில் சென்றிருந்தேன். குளியலறைச் சுவரில் ஏணி போன்ற பளபளக்கும் குழாய்கள். மின்சாரத்தால் சூடேறித் துவாயை உலர்த்தும் தண்டு என்றார். கொழும்பில் இது எதற்கு என்று கேட்டேன். "பல்கனியில உடுப்புக் காயப்போட்டால் நிருவாகக் குழு கடிதம் அனுப்புது அண்ணை. வேற என்ன வழி?" என்றார்.

ஒருகொடவத்தைக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி மனத்தை அரித்தது.

இந்தக் கருவி பிறந்த நாடுகளில் அதற்குப் பொருள் உண்டு. இலண்டனிலோ ரொறன்ரோவிலோ பனிக்காலத்தில் வெளியே தொங்கவிட்ட துவாய் விறைத்துப் போகும். கொழும்பிலோ ஜனவரி இரவிலும் வெப்பநிலை 22 பாகையளவில் நிற்கிறது. அதுமட்டுமன்று, மேலைநாட்டார் பனிக்காலம் என்னும் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில்தான் நமது நகரில் மழை மிகக் குறைவு. கொடியில் போட்ட துவாய் மதியத்துக்குள் காய்ந்துவிடும்.

மழைக்காலத்தில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மே மாதத்திலும் ஐப்பசி, கார்த்திகையிலும் உடுப்பில் பூஞ்சண வாடை வீசுவதை நானும் அறிவேன். ஆனால் துவாயிலிருந்து வெளியேறும் ஈரம் மாயமாய் மறைவதில்லை. காற்றோட்டமற்ற அறையில் அது சுவரிலும் கூரையிலும் படிந்து, அங்கே பூஞ்சணத்தை வளர்க்கும். திறந்த ஜன்னலும் ஒரு மின்விசிறியும் செய்யக்கூடிய வேலைக்குச் சூடு எதற்கு?

கணக்கையும் பாருங்கள். அரை லீற்றர் நீரை ஆவியாக்க ஏறத்தாழ மூன்றில் ஓர் அலகு மின்சாரம் போதும். 100 வாட் தண்டை இரவு பகலாக எரியவிட்டால் நாளொன்றுக்கு 2.4 அலகு, மாதத்துக்கு 72 அலகு. சிறு குடும்பம் ஒன்று மாதம் முழுவதும் சிக்கனமாய்ப் பாவிக்கும் மின்சாரம் அது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டில் வெந்ததையும், அதே ஆண்டு ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 வீதம் உயர்ந்ததையும் இவ்வளவு விரைவில் மறந்துவிட்டோமா?

எனினும் என் கோபம் உறவினர்மீதன்று. வெயிலைத் தடைசெய்துவிட்டு, அதற்குப் பதிலாகச் சூட்டை விற்கும் ஏற்பாட்டின்மீதே. வசதியுள்ளவர் பணம் கொடுத்துத் தப்பிக்கிறார். வசதியற்றவர்?

பொரளையில் 2001இல் எழுந்த சஹஸ்புரவும், 2010க்குப் பின்னர் தெமட்டகொடையிலும் கொலன்னாவையிலும் நகர அபிவிருத்தி அதிகார சபை எழுப்பிய மாடிகளும் என் வீட்டிலிருந்து தொலைவிலில்லை. வத்தைகளில் முற்றமும் கொடியும் வைத்திருந்த மக்கள் அங்கே குடியேற்றப்பட்டனர். பல வீடுகளின் பரப்பு ஏறத்தாழ 400 சதுர அடி. ஐந்து பேர் உடுப்பை எங்கே உலர்த்துவது? ஜன்னல் கம்பியில் தொங்கும் பாடசாலைச் சீருடையைக் காட்டி 'நகரின் அழகு கெடுகிறது' என்பவர், அந்த வீட்டின் வரைபடத்தில் ஒரு கொடிக்கு இடம் ஒதுக்காதவரை ஏன் கேட்பதில்லை?

குளிர்நாடான கனடாவின் ஒன்ராறியோ மாகாணமே 2008இல் உடுப்புக் கொடிகளுக்கெதிரான தடைகளை நீக்கியது. மின்சாரத்தைச் சேமிப்பதே நோக்கம். மாடிக் குடியிருப்புகளை அது தொடவில்லை என்பது குறைதான். ஆயினும் கொடி கட்டுவது குற்றமன்று என்று ஓர் அரசு சொன்னது. வெயில் கொட்டும் நாட்டில் நாம் எதிர்த்திசையில் நடக்கிறோம்.

கேட்பது பெரிதன்று. ஒவ்வொரு தொடர்மாடியின் மொட்டைமாடியிலும் கூரையிட்டு, நாற்புறமும் காற்று வர, கொடி கட்டும் இடம் ஒன்று வேண்டும். அது இல்லாத வரைபடத்துக்கு அனுமதி வழங்கலாகாது. நிருவாகக் குழுக்கள் கைப்பிடிச் சுவருக்குக் கீழே, தெருவுக்குத் தெரியாமல் உலர்த்தவாவது இடங்கொடுக்கட்டும்.

ஈரத் துவாய் வெட்கப்படவேண்டிய பொருளன்று. அந்த வீட்டில் மனிதர் குளிக்கிறார்கள், துவைக்கிறார்கள், வாழ்கிறார்கள் என்பதற்கு அது அடையாளம்.