கொள்ளு உண்டு, கடிவாளம் எங்கே?

குதிரை ஓடுவதற்கென்றே பிறந்த பிராணி. அது ஓடிக் களைக்கலாம். ஆனால் ஓடும்போதே கால் ஒடிந்து சாகலாமா?

அமெரிக்காவில், நியூயார்க் நகரில் அக்விடக்ட் என்று ஒரு குதிரைப் பந்தயத் திடல். 1894-ம் ஆண்டில் திறக்கப்பட்ட பழைய திடல் அது. அங்கே ஒரே குளிர்காலத்தில், பந்தயத்தில் ஓடிய 21 குதிரைகள் மாண்டன. 2011 நவம்பர் கடைசியில் தொடங்கி, 2012 மார்ச் நடுப்பகுதிக்குள் இத்தனை சாவு! அடிபட்டு, இனிப் பிழைக்காது என்று ஊசி போட்டுக் கொல்லப்பட்ட குதிரைகளும் இதில் அடக்கம்.

காரணம் என்ன?

விசாரித்தவர்கள் பல காரணங்களைச் சொன்னார்கள். அவற்றில் ஒன்று நம்மைத் திடுக்கிட வைக்கிறது. பணம் இல்லாததால் வந்த வினை அல்ல அது. பணம் பெருகியதால் வந்த வினை!

எந்திரம் வந்தது

நியூயார்க்கில் பெரிய பந்தயங்களை நடத்துவது ஒரு பந்தயக் கழகம். அக்விடக்ட், பெல்மாண்ட், சரடோகா ஆகிய மூன்று திடல்களும் அதன் நிர்வாகத்தில் இருந்தன. ஒரு காலத்தில் அங்கே கூட்டம் அலைமோதியது. பிறகு கூட்டம் குறைந்தது. வரவு சுருங்கியது. 2006-ம் ஆண்டில் கழகம் மஞ்சள் கடிதாசி கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டது.

இதற்கு முன்பே, 2001-ம் ஆண்டு அக்டோபரில், நியூயார்க் மாநில சர்க்கார் ஒரு சட்டம் செய்திருந்தது. பந்தயத் திடல்களில் சூதாட்ட எந்திரம் வைக்கலாம் என்றது அந்தச் சட்டம். அதற்கு முந்தின மாதம்தான் நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் தகர்க்கப்பட்டன. கஜானாவுக்குப் பணம் தேவைப்பட்ட நேரம்.

இந்த எந்திரம், டிக்கெட் இல்லாத லாட்டரி. பணத்தாளை உள்ளே விடவேண்டும். பொத்தானை அமுக்கவேண்டும். படங்கள் சுழலும், நிற்கும். போட்ட பணம் போயிற்றா, பெருகிற்றா என்று சில நொடிகளில் தெரிந்துவிடும். பெரும்பாலும் போயிற்று என்றுதான் தெரியும்!

அக்விடக்டில் எந்திரம் வைக்கும் உரிமையை யாருக்குக் கொடுப்பது? இதில் பல ஆண்டுகள் ஓடிவிட்டன. 2010-ம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு கம்பெனி தேர்ந்தெடுக்கப்பட்டது. 'தேர்வு நேர்மையாக நடக்கவில்லை' என்று கூச்சல் கிளம்பியது. அந்தத் தேர்வு ரத்தாயிற்று. மாநிலத்தின் தலைமை விசாரணை அதிகாரி, அந்த ஆண்டு அக்டோபரில் இதுபற்றிக் கடுமையான அறிக்கை வெளியிட்டார்.

கடைசியில் மலேசியாவைச் சேர்ந்த கெந்திங் நிறுவனத்துக்கு உரிமை கிடைத்தது. அது முன்பணமாகக் கட்டிய தொகை 38 கோடி டாலர். 2011 அக்டோபர் 28-ந் தேதி எந்திரக் கூடம் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே குதிரைகள் சாகத் தொடங்கிவிட்டன.

எந்திரத்துக்கும் குதிரையின் காலுக்கும் என்ன சம்பந்தம்?

குதிரையைவிடப் பரிசு பெரிது

எந்திரத்தில் விழும் பணத்துக்குப் பல பங்குதாரர்கள் உண்டு. பெரிய பங்கு, பள்ளிக்கூடங்களின் செலவுக்காக மாநிலத்துக்குப் போனது. கூடம் நடத்தும் கம்பெனிக்கு ஒரு பங்கு. பந்தயக் கழகத்துக்கு ஒரு பங்கு. குதிரை வளர்ப்போருக்கு ஒரு பங்கு. பந்தயத்தில் கொடுக்கும் பரிசுத் தொகைக்கும் ஒரு பங்கு.

இந்தக் கடைசிப் பங்கில்தான் சிக்கல் பிறந்தது.

பந்தயங்களில் ஒரு வகை உண்டு. ஓடும் குதிரை ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே விலை கட்டிவிடுவார்கள். விருப்பம் உள்ளவர்கள், பந்தயம் தொடங்குமுன் பணம் கட்டி அந்தக் குதிரையைக் கேட்கலாம். பந்தயம் தொடங்கியதுமே குதிரை அவருக்குச் சொந்தம். நடுவழியில் கால் ஒடிந்து செத்தாலும் நஷ்டம் வாங்கியவருக்குத்தான். விற்றவருக்கு இல்லை.

எந்திரப் பணம் வந்து சேர்ந்ததும் இந்தப் பந்தயங்களின் பரிசுத் தொகை ஒரேயடியாக உயர்ந்தது. ஆனால் குதிரையின் விலை உயரவில்லை.

ஒரு பேச்சுக்குச் சொல்வோம். குதிரையின் விலை 10 ஆயிரம் டாலர். பரிசுத் தொகை 30 ஆயிரம் டாலர். குதிரைக்குக் காலில் வலி இருக்கிறது. சொந்தக்காரர் என்ன செய்வார்?

நல்லவர், ஓய்வு கொடுப்பார். பேராசைக்காரர், ஓட விடுவார். ஜெயித்தால் பரிசு. தோற்றாலும், யாராவது விலைக்குக் கேட்டிருந்தால் நோய்க் குதிரை தலைமுழுகிப் போகும். இரண்டிலும் அவருக்கு லாபம்! நஷ்டப்படுவது வாயில்லாத குதிரை. அதன் முதுகில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஜாக்கியும்தான்.

காசை எண்ணினார்கள், காலைப் பார்க்கவில்லை

அந்த எந்திரங்களின் மேல் சர்க்காருக்குக் கண் இல்லாமல் இல்லை. ஒவ்வோர் எந்திரமும் மாநில லாட்டரி இலாகாவின் மையக் கம்ப்யூட்டருடன் இணைக்கப்பட்டிருந்தது. எத்தனை டாலர் உள்ளே போயிற்று, எத்தனை வெளியே வந்தது என்று உடனுக்குடன் கணக்கு.

ஆனால் அந்தப் பணம் திடலுக்குள் போன பிறகு என்ன செய்தது என்று யார் பார்த்தார்கள்?

குதிரைகள் செத்ததும், கவர்னர் ஆண்ட்ரூ குவோமோ கேட்டுக்கொண்டதன் பேரில் ஒரு நிபுணர் குழு அமைக்கப்பட்டது. 2012 செப்டம்பரில் அதன் அறிக்கை வந்தது. குதிரைகளின் உடல் நிலையையும் மருந்துகளையும் சரியாகக் கவனித்திருந்தால், செத்தவற்றில் பாதிக்கு மேல் பிழைத்திருக்கக்கூடும் என்று தெரிந்தது.

குதிரைகளைச் சோதிக்கும் மிருக வைத்தியர்கள், பந்தயம் நடத்தும் அலுவலகத்தின் கைக்குள் இருந்தார்கள். 'இது ஓடக்கூடாது' என்று வைத்தியர் சொன்னால் பந்தயத்தில் ஒரு குதிரை குறையும். குதிரை குறைந்தால் பந்தயம் கட்டுவது குறையும். வியாபாரம் செய்கிறவரே வைத்தியருக்கும் எஜமானர் என்றால், வைத்தியர் எப்படித் துணிந்து பேசுவார்?

இன்னொரு வண்டவாளமும் வெளிவந்தது. சில வகைப் பந்தயங்களில், கட்டும் பணத்தில் நூற்றுக்கு 26 வீதம் பிடித்துக்கொள்ளத் தற்காலிக அனுமதி இருந்தது. 2010 செப்டம்பரில் அனுமதி முடிந்தது. 25-க்குக் குறைத்திருக்க வேண்டும். கழகம் 15 மாதம் 26 வீதமே பிடித்தது! பந்தயம் கட்டியவர்களுக்கு இப்படிக் குறைந்துபோன தொகை 80 லட்சம் டாலருக்கு மேல். 2012 மே மாதம் கழகத்தின் தலைமை நிர்வாகியும், சட்ட அதிகாரியும் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

கடிவாளம் விழுந்தது

அதன் பிறகுதான் சர்க்கார் விழித்துக்கொண்டது. கழகத்தின் நிர்வாக சபையை மாற்றியமைத்தது. புதிய சபையில் பெரும்பாலோர் மாநிலத்தால் நியமிக்கப்பட்டவர்கள். 2017-ம் ஆண்டு வரை இந்தப் பிடி நீடித்தது.

புதிய விதிகளும் வந்தன. குதிரையின் விலை, பரிசுத் தொகையில் பாதிக்குக் குறையக்கூடாது. பந்தயத்தில் குதிரை செத்தால் விற்பனை செல்லாது. நிபுணர் குழுவின் தலைவராக இருந்த மிருக வைத்தியர் ஸ்காட் பால்மர், 2014-ம் ஆண்டில் மாநிலத்தின் குதிரை மருத்துவ டைரக்டராக நியமிக்கப்பட்டார். இவர் பந்தய அலுவலகத்துக்குக் கட்டுப்பட்டவர் அல்ல.

இவை என்ன, பெரிய ராஜதந்திரமா? சாதாரண புத்திக்கு எட்டும் விஷயங்கள்தானே! எந்திரம் வைத்த அன்றே செய்திருக்கலாம். 21 குதிரைகளைப் பலி கொடுத்த பிறகு செய்தார்கள்.

பணத்தை நிறுத்திவிட்டால்?

'இந்தப் பணமே வேண்டாம், நிறுத்திவிடு' என்று சிலர் சொல்லலாம். பக்கத்து நாடான கனடாவில் அதையும் செய்து பார்த்தார்கள்.

அங்கே ஒண்டாரியோ மாகாணத்தில் 1998 முதல் பந்தயத் திடல்களில் எந்திரங்கள் இருந்தன. எந்திர வருமானத்தில் நூற்றுக்கு 20 பங்கு பந்தயத் தொழிலுக்குப் போயிற்று. ஆண்டுக்குச் சுமார் 34½ கோடி கனடா டாலர். 2012-ம் ஆண்டில் சர்க்கார் திடீரென்று, 'அடுத்த மார்ச்சோடு இது நிற்கும்' என்று அறிவித்தது. அப்படியே நிறுத்தியும் விட்டது.

அடி விழுந்தது யார் தலையில்? குட்டி ஈன்ற குதிரையை வைத்துக்கொண்டிருந்த விவசாயி தலையில். லாயம் கூட்டும் தொழிலாளி தலையில். பிறகு சர்க்காரே வேறு வழியில் பணம் கொடுத்துத் தொழிலைத் தாங்க வேண்டியதாயிற்று.

அள்ளிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வதும் தவறு. ஒரே வெட்டாக வெட்டுவதும் தவறு. நிபந்தனையோடு கொடுக்கவேண்டும், கணக்குக் கேட்கவேண்டும்.

இது யார் வீட்டுப் பணம்?

'தொழிலுக்குத் தரும் பணம். நாங்கள் எப்படிச் செலவழித்தால் உங்களுக்கு என்ன?' என்று பந்தயக்காரர்கள் கேட்க முடியாது. எந்திரத்துப் பணம் வானத்திலிருந்து விழுந்தது அல்ல. யாரோ ஒருவர் தோற்ற பணம் அது. ஒரு குடும்பத்தின் வாடகையாக இருக்கலாம். ஒரு குழந்தையின் பால் காசாகவும் இருக்கலாம்.

அந்தத் தோல்விக்கு லைசென்ஸ் கொடுத்தது சர்க்கார். ஆகவே, அந்தப் பணம் போய்ச் சேரும் கடைசி இடம் வரை பின்தொடர்ந்து பார்ப்பதும் சர்க்காரின் கடமை. பங்கு மட்டும் வாங்கிக்கொண்டு பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. பள்ளிக்கூடத்துக்குச் செலவிடுகிறோம் என்பது நல்ல காரியம்தான். ஆனால் நல்ல காரியத்தைக் காட்டி மற்றதை மறைக்கக் கூடாது.

இந்தக் கதை இன்னும் முடியவில்லை. பெல்மாண்ட் திடலைப் புதிதாகக் கட்டுவதற்கு, 2023-ம் ஆண்டில் நியூயார்க் மாநிலம் 45½ கோடி டாலர் கடன் கொடுக்க முன்வந்தது. கடனை அடைக்கக் கழகம் நம்பியிருப்பது எந்திர வருமானத்தைத்தான். பணம் பெரிது. அதனால் காவலும் பெரிதாக இருக்கவேண்டும்.

'கொள்ளு என்றால் வாயைத் திறக்குமாம். கடிவாளம் என்றால் வாயை மூடுமாம்' என்று குதிரையைப் பற்றி நம் ஊரில் சொல்வார்கள். பாவம், குதிரை! அந்தப் பழமொழி அதற்குப் பொருந்தவில்லை. கொள்ளுக்கு வாயைத் திறந்தவர்களும் மனிதர்கள்தான். கடிவாளத்துக்கு வாயை மூடியவர்களும் மனிதர்கள்தான்.

கொள்ளு கொடுக்கும் கையே கடிவாளத்தையும் பிடிக்கட்டும். கொள்ளு வைக்கும் அன்றே பிடிக்கட்டும்.